மருத்துவர் பதில்கள்: கொரோனாவும் இரத்தத்தில் ஏறிய அழற்சி எண்களும்

சென்ற இதழில் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனைகள் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கொரோனா காலத்தில் எடுத்த பரிசோதனை அறிக்கைகளை இன்னும் பீரோவில் வைத்திருக்கும் வாசகர்கள் சிலர் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

2021 மே மாதம் என் கணவரைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்தேன். காய்ச்சல் தொடங்கிய மறுநாளே இரத்தம் கொடுத்துப் பார்த்தோம். சி.ஆர்.பி. 8 என்று வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே இருந்தோம். எட்டாம் நாள் மூச்சு வாங்கி மருத்துவமனையில் சேர்த்தபோது அதே சி.ஆர்.பி. 146. அந்த முதல் எண்ணை நம்பியது என் தவறா? இடையில் ஒருமுறை பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

அம்மா, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும்: தவறு உங்களுடையது அன்று. ஏன் என்பதை, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் விளக்க முடியும்.

சி.ஆர்.பி. என்பது நம் கல்லீரல் செய்யும் ஒரு புரதம். அழற்சி, அதாவது காயத்துக்கோ கிருமிக்கோ உடல் காட்டும் எதிர்வினை, மிகும்போது இரத்தத்தில் இது ஏறும். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியிலுள்ள 'சி' எனப் பெயரிட்ட ஒரு பொருளோடு நோயாளியின் இரத்தநீரைக் கலந்தபோது அது திரிந்து படிந்தது. நோயாளி தேறியபின் எடுத்த இரத்தநீரில் அந்த வினை நிகழவில்லை. பெயரில் இன்றும் நிற்கும் 'சி' அங்கிருந்து வந்ததே. ஆக, பிறக்கும்போதே இது நுரையீரல் நோயோடு சேர்ந்து பிறந்த சோதனை.

உடலின் எந்த மூலையில் திசு காயப்பட்டாலும், கிருமி புகுந்தாலும், அங்குள்ள பாதுகாப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் பொருளை இரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரலை எட்டியதும் சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஊறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாட்களில் உச்சத்தைத் தொடுகிறது. தூண்டுதல் நின்றுவிட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆகவே இந்த எண் சொல்வது அன்றைக்கும் அதற்கு முந்தைய ஓரிரு நாட்களுக்கும் உரிய நிலவரத்தை மட்டுமே. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பதை அது அறியாது.

கொரோனாவின் போக்கோ இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதல் கட்டத்தில் வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் பெருகுகிறது. காய்ச்சலும் உடல்வலியும் இருக்கும், ஆனால் அழற்சி எண்கள் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். நோய் முற்றுகிறவர்களுக்கு, ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இரண்டாவது கட்டம் தொடங்குகிறது. அப்போது நுரையீரலின் காற்றுப்பைகளில் அழற்சி பரவி, உடலின் எதிர்ப்பே உடலைத் தாக்குகிறது. எண்கள் ஏறுவது இங்கேதான். இரண்டாம் நாளில் எடுத்த 8 பொய்யில்லை. அந்த நாளுக்கு அது உண்மை. அதை வரப்போகும் வாரத்துக்கான உறுதிமொழியாக யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், பிழை அப்படிச் சொன்னவருடையது.

இரண்டாம் பாதிக்கு நான் நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். ஐந்தாம், ஆறாம் நாளில் இன்னொரு சி.ஆர்.பி. பார்த்திருந்தால் அது ஏறியிருக்கக்கூடும். ஆனால் அந்த நாட்களில் முன்கூட்டி எச்சரித்தது பெரும்பாலும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். மூச்சுத்திணறலை நோயாளி உணர்வதற்கு முன்பே ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்குவதும், ஆறு நிமிடம் நடந்தபின் சட்டென்று சரிவதும் இந்த நோயின் வஞ்சகமான இயல்பு. அந்த மே மாதத்தில் கருவி கிடைக்காத வீடுகளும், கருவி இருந்தும் படுக்கை கிடைக்காத குடும்பங்களும் எத்தனையோ. சரியான நாளில் சேர்ந்தவர்கள், நாங்கள் அருகில் நின்று பார்த்துக்கொண்டவர்கள், அவர்களிலும் பலரை இழந்தோம். நீங்கள் செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டதாக உங்கள் கடிதத்தில் எந்த வரியும் சொல்லவில்லை.

என் தந்தைக்கு ஒரு பரிசோதனைக்கூடத்தில் சி.ஆர்.பி. 4.2 என்றார்கள், அன்று மாலையே வேறோர் இடத்தில் 45 என்றார்கள். ஒரே நாளில் பத்து மடங்கு ஏறுமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

ஏறவில்லை, ஐயா. முதல் அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம்' என்றும், இரண்டாவதில் 'ஒரு லிட்டருக்கு மில்லிகிராம்' என்றும் இருந்திருக்கும். டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. 4.2-ஐப் பத்தால் பெருக்கினால் 42, மாலையில் 45. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. பெரும்பாலான கூடங்கள் லிட்டர் அளவில் 5 அல்லது 10 வரை இயல்பு என்று அச்சிடுகின்றன.

இரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் சோதனையில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். அதை அளப்பதற்கு இரண்டு வகை அலகுகள் உண்டு. ஒன்றில் வரும் எண் மற்றதில் வருவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. போதாததற்கு மைக்ரோகிராம், நானோகிராம் என்ற வேறுபாடும் சேர்ந்துகொள்ளும், 0.5 என்பதும் 500 என்பதும் ஒரே அளவாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் தட்டெழுதி அனுப்பி 'டாக்டர், பயப்பட வேண்டுமா?' என்று கேட்டவர்கள் எனக்கு நூற்றுக்கணக்கில் உண்டு. அவர்கள் எல்லோரிடமும் நான் கேட்டது ஒன்றே: தாளை முழுதாகப் படம் எடுத்து அனுப்புங்கள், அலகும் இயல்பு அளவும் தெரிய வேண்டும். கூடுமானவரை ஒரே கூடத்தில் தொடர்ந்து பார்ப்பதே நல்லது.

நான் செவிலியர் படிப்பு படிக்கிறேன். சி.ஆர்.பி., ஃபெரிட்டின், எல்.டி.எச்., டி-டைமர், இன்டர்லூக்கின்-6, வெள்ளையணு விகிதம் எனப் பட்டியல் நீள்கிறது. நோயின் கடுமையை இவற்றில் எது சரியாகக் கணிக்கும்?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

இந்தக் கேள்விக்கு முதல் வெளிச்சம் சீனாவின் வூகான் நகரிலிருந்து வந்தது. 2020 மார்ச்சில் 'தி லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, அந்நகரின் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 191 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 137 பேர் வீடு திரும்பினர், 54 பேர் இறந்தனர். இறந்தவர்களின் இரத்தத்தில் ஃபெரிட்டின், எல்.டி.எச்., இன்டர்லூக்கின்-6 ஆகியவை தேறியவர்களைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தன. லிம்போசைட் எனப்படும் நிணநீர் அணுக்கள் குறைந்திருந்தன. சேரும் நாளில் டி-டைமர் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பது மரண அபாயத்தோடு வலுவாகத் தொடர்புடையதாகத் தெரிந்தது. இந்த ஆய்வும் இதையொத்த மற்றவையும் உலகம் முழுதும் வாசிக்கப்பட்டன. சில வாரங்களிலேயே எல்லா நாடுகளிலும் இந்தச் சோதனைகள் ஒரே கட்டாக எழுதப்பட்டன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 191 பேரும் ஏற்கெனவே மருத்துவமனையில் சேரும் நிலைக்கு வந்தவர்கள். அவர்களிடம் கண்ட உறவை, வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் முப்பது வயதுக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது. நம் ஊரில் நிகழ்ந்த பெருங்குழப்பம் இந்தப் பொருத்தத்தில்தான் தொடங்கியது என்பது என் கருத்து.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஃபெரிட்டின் உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம், அழற்சியில் ஏறும். ஆனால் சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்குக் கொரோனா இல்லாமலே சற்று உயர்ந்திருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவுள்ள பெண்ணுக்கோ, அழற்சி மிகுந்திருந்தும் எண் அடக்கமாகத் தோன்றலாம். எல்.டி.எச். உடலின் எல்லா அணுக்களிலும் உள்ள நொதி. அணு சிதைந்தால் வெளியே கசியும். சிதைந்த நுரையீரலிலிருந்தும் கசியும், மெல்லிய ஊசியால் அவசரமாக இழுத்து உடைந்த சிவப்பணுக்களிலிருந்தும் கசியும். செவிலியராகப் போகும் நீங்கள் இதை மறக்கக் கூடாது. டி-டைமர் உண்மையில் அழற்சியின் அளவே இல்லை. உறைந்த இரத்தம் கரையும்போது பிரியும் துண்டு. முதுமையிலும் கர்ப்ப காலத்திலும் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் அது தானாகவே உயர்ந்திருக்கும். நியூட்ரோஃபில் அணுக்களுக்கும் லிம்போசைட்டுகளுக்கும் உள்ள விகிதம் மலிவானது, சாதாரண இரத்த எண்ணிக்கையிலேயே கிடைப்பது. ஆனால் ஸ்டீராய்டு ஊசி போட்ட மறுநாளே அது ஏறிவிடும், அந்த ஏற்றத்துக்குக் காரணம் நோயாக இருக்க வேண்டியதில்லை.

எது சிறந்தது என்ற உங்கள் கேள்விக்கு நான் காட்டக்கூடிய நல்ல பதில், பிரிட்டனில் பல்லாயிரம் நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு உருவாக்கப்பட்டு 2020 செப்டம்பரில் வெளியான '4சி' என்ற மதிப்பெண் முறை. மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு எட்டு விவரங்களைக் கூட்டி மொத்தம் 21 வரை மதிப்பெண் தருவார்கள். அதில் சி.ஆர்.பி. உண்டு: லிட்டருக்கு 50-க்குக் கீழ் இருந்தால் சுழியம், 50 முதல் 99 வரை 1, 100-ம் அதற்கு மேலும் 2. அதே அட்டவணையில் வயது மட்டும் எவ்வளவு பெறுகிறது தெரியுமா? எண்பது வயதைத் தாண்டியவருக்கு 7, எழுபதுகளில் இருப்பவருக்கு 6, அறுபதுகளில் 4. இரத்த யூரியா மிக உயர்ந்திருந்தால் 3. ஆக்சிஜன் 92-க்குக் கீழ் இருந்தால் 2. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தொட்டால் 2. மனத்தெளிவு குறைந்தால் 2. எஞ்சிய இரண்டு விவரங்கள் பாலினமும் துணைநோய்களும். ஃபெரிட்டின், டி-டைமர், இன்டர்லூக்கின்-6 மூன்றும் பட்டியலிலேயே இல்லை.

இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். வயதைக் கேட்பதற்கும், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து எண்ணுவதற்கும், 'இன்று என்ன கிழமை?' என்று கேட்டு அவர் தடுமாறுகிறாரா என்று பார்ப்பதற்கும் எந்தப் பரிசோதனைக்கூடமும் தேவையில்லை. இவை ஒரு செவிலியரின் கைக்கும் கண்ணுக்கும் உரியவை. வார்டில் மூச்சை உண்மையாக எண்ணாமல் எல்லோருக்கும் '20' என்று குறித்துவைக்கும் பழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாமல் இருந்தால், ஐயாயிரம் ரூபாய்ப் பரிசோதனைக் கட்டு சொல்வதைவிட அதிகமாக உங்கள் குறிப்பேடு சொல்லும்.

எனக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் சி.ஆர்.பி. 32 இருந்தது. ஆக்சிஜன் 98. உடனே ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் சாப்பிட்டேன். சர்க்கரை 400-ஐத் தாண்டிப் பெரும்பாடு பட்டேன். அந்த மருந்து தேவைப்பட்டதா?
— ஒரு வாசகர், ஈரோடு

நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துச் சொன்னால், தேவைப்படவில்லை.

பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வின் முடிவு 2020 ஜூன் 16 அன்று அறிவிக்கப்பட்டபோது, டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து கொரோனாவில் உயிர்காக்கும் என்று முதன்முதலாக நிறுவப்பட்டது. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாட்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் வழக்கமான சிகிச்சையில் 41.4 சதவீதம், இம்மருந்து பெற்றவர்களில் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் காணப்படவில்லை. மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதமும் பெறாதவர்களில் 14 சதவீதமும் இறந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம், தீங்காகவும் இருக்கலாம். நன்மை என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

அந்த ஆய்வில் ஸ்டீராய்டு யாருக்குப் பலித்தது என்பதைப் பிரித்துக் காட்டிய கோடு ஆக்சிஜன் தேவை. சி.ஆர்.பி. அந்தக் கோட்டை வரையவில்லை. வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் முதல் வாரத்தில் உடலின் எதிர்ப்பை அடக்குவது, திருடன் உள்ளே இருக்கும்போது காவல்காரனை உறங்கவைப்பதற்குச் சமம். நம் நாட்டு வழிகாட்டுதலும் தெளிவாகவே இருந்தது: அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட குறிப்பு, ஆக்சிஜன் 93-ம் அதற்குக் கீழும் இறங்கிய, அல்லது மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தொட்ட மிதமான நோயிலிருந்துதான் ஸ்டீராய்டை வைத்தது. சி.ஆர்.பி.யும் டி-டைமரும்கூட, அத்தகைய நோயாளிகளுக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றே அது சொன்னது. 2021 மே மாதத் தொடக்கத்தில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் அன்றைய இயக்குநர் ரந்தீப் குலேரியா, லேசான நோய்க்கு சி.டி. ஸ்கேனும் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டும் வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தார். அதே மாதம் கருப்புப் பூஞ்சை நோய் பரவி, தமிழ்நாடு அதை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் தேவையற்ற ஸ்டீராய்டும் அந்தப் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டன. கண்ணை இழந்தவர்கள் சிலரை நான் நேரில் அறிவேன். அவர்களில் ஒருவரின் கோப்பில், முதல் மருந்துச்சீட்டின் ஓரத்தில் 'சி.ஆர்.பி. 28' என்று வட்டமிட்டிருந்தது. அந்த வட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் தப்பியது எனக்கு மகிழ்ச்சி. சர்க்கரை இப்போது இயல்புக்குத் திரும்பியிருந்தாலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

என் அண்ணனுக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டதும் சி.ஆர்.பி. 160-லிருந்து நான்கே நாளில் 6-க்கு வந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அதற்கு அடுத்த வாரம் கிருமித்தொற்று முற்றிக் கவலைக்கிடமானார். எண் நன்றாக இருக்கும்போது எப்படி இது நடக்கும்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

மிக நுட்பமான கேள்வி. முதல் பதிலில் சொன்னேன்: கல்லீரலுக்குச் சி.ஆர்.பி. செய்யச் சொல்லி ஆணை எடுத்துச் செல்வது இன்டர்லூக்கின்-6. டோசிலிசுமாப் செய்வது அந்த ஆணை அணுவுக்குள் நுழையும் வாயிலை அடைப்பது. வாயில் அடைபட்டபின் கல்லீரலுக்கு ஆணை போய்ச்சேராது. உடலில் வேறெங்கு தீப்பிடித்தாலும் சி.ஆர்.பி. ஏறாது. ஆகவே ஊசிக்குப் பின் சில வாரங்களுக்கு அந்த எண் ஊமை. காய்ச்சல்கூடத் தலைகாட்டாமல் இருக்கலாம். இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, மூச்சின் வேகம், கிருமி வளர்ப்புச் சோதனை ஆகியவற்றையே நம்ப வேண்டும். உங்கள் குடும்பத்தார் மட்டுமல்லர், மருத்துவர்களும் அந்த 6-ஐக் கண்டு ஏமாந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

அந்த ஊசியைத் தேர்ந்ததில் பிழை இருந்ததாகக் கொள்ள வேண்டாம். அழற்சி எண் ஒரு சிகிச்சையைத் தீர்மானிக்க நேரடியாகப் பயன்பட்ட அரிய இடம் அதுதான்: 'ரெகவரி' ஆய்வில், ஆக்சிஜன் குறைந்திருந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75-ம் அதற்கு மேலும் இருந்த 4,116 பேரைச் சேர்த்தார்கள். 28 நாட்களில் மரணம் 35 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர இருந்தன என்பதைக் கவனியுங்கள். விலை மிகுந்த இன்டர்லூக்கின்-6 சோதனையை அவர்கள் நிபந்தனையாக வைக்கவில்லை, சி.ஆர்.பி. அதன் நிழல் என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. காசநோய் மிகுந்த நம் நாட்டில், மறைந்திருக்கும் காசநோய் இந்த ஊசிக்குப் பின் தலைதூக்கக்கூடும். அண்ணனுக்கு நாட்பட்ட இருமலோ எடைக்குறைவோ இருந்தால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எங்கள் பேத்திக்கு வயது 7. வீட்டில் எல்லோருக்கும் லேசாகக் கொரோனா வந்து போய் ஒரு மாதம் கழித்து, அவளுக்குக் கடும் காய்ச்சல், கண் சிவப்பு, வயிற்றுவலி. குழந்தைகள் நல மருத்துவர் சி.ஆர்.பி., ஃபெரிட்டின் எல்லாம் எழுதினார். நீங்கள் வேண்டாம் என்பீர்களோ?
— ஒரு வாசகி, காரைக்குடி

கட்டாயம் எடுக்க வேண்டும் என்பேன், அம்மா. கொரோனா வந்து இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குப் பின் சில குழந்தைகளுக்குப் பல உறுப்புகளில் ஒரே சமயத்தில் அழற்சி ஏற்படும் நோய் 2020 ஏப்ரலில் லண்டனில் முதலில் கவனிக்கப்பட்டது. அரிதானது, ஆனால் இதயத்தைத் தாக்கக்கூடியது. அந்த நோயை அறுதியிடுவதற்கே சி.ஆர்.பி. போன்ற அழற்சி எண்களின் உயர்வு இன்றியமையாத அடையாளம். இதய எக்கோவும் எடுக்கச் சொல்லியிருப்பார்; தவறாமல் எடுங்கள். உரிய நேரத்தில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் முழுதாகத் தேறுகிறார்கள்.

எனக்கு வயது 71, சர்க்கரை நோயும் உண்டு. இப்போது கொரோனா வந்தால் உடனே சி.ஆர்.பி. பார்த்துக்கொள்ளலாமா? இயல்பாக இருந்தால் வீட்டிலேயே கஷாயம் குடித்துக் காத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.
— ஒரு வாசகர், புதுச்சேரி

காத்திருக்காதீர்கள், ஐயா. உங்கள் வயதிலும் நோயிலும் இருப்பவர்களுக்கு வைரஸை அடக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றை அறிகுறி தோன்றிய 5 நாட்களுக்குள் தொடங்கினால்தான் பயன். அந்த ஐந்து நாட்களிலோ சி.ஆர்.பி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இயல்பான எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்து, அது ஏறும் நாளில் மருத்துவரிடம் போனால், மாத்திரைக்குரிய நாட்கள் கடந்திருக்கும். தொற்று உறுதியான அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்; அந்த மாத்திரைகளில் ஒருவகை, கொழுப்புக் குறைப்பு மருந்துகள், சில இதய மருந்துகள் ஆகியவற்றோடு ஒத்துப்போகாது. வீட்டில் காலையும் மாலையும் ஆக்சிஜனைப் பாருங்கள். நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில், கை சூடாக இருக்கும்போது, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே இறங்கினாலும், ஐந்தாம் நாளுக்குப் பிறகும் காய்ச்சல் விடாவிட்டாலும், பேசும்போதே மூச்சு வாங்கினாலும் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். சி.ஆர்.பி.யை அங்கே எடுத்துக்கொள்ளலாம்.